ஞானம்மாவின் வாக்குச்சீட்டு

1

இலங்கையின் மலையகத்தில், லிந்துலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் பாடசாலையில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்து, அதே பிரதேசத்தில் அதிபராக ஓய்வுபெற்றவன் நான். ஆசிரிய கலாசாலையில் முறையாகப் பயின்றவன். சமாதான நீதவானாக நியமனம் பெற்று, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அயலவரின் பத்திரங்களை உறுதிப்படுத்திக் கொடுத்தவன். தேர்தல் காலங்களில் வாக்களிப்பு நிலையத்தின் தலைமை தாங்கும் அலுவலராக மூன்று தடவை கடமையாற்றியிருக்கிறேன். மூன்று தடவையும் என் பெட்டியைப் பற்றி எந்தக் கட்சியும் முறைப்பாடு செய்யவில்லை. மகளோடு வாழ்வதற்காக அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்துக்கு வந்தபோது என் பெயர் இந்த நிலையில்தான் இருந்தது.

இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. சென்ற மாதம் நோர்வூட்டிலிருந்து பெரியசாமி மாஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். என்னோடு ஒரே பாடசாலையில் பதினோரு வருடங்கள் கற்பித்தவர். குளிரைப் பற்றியும் என் சீனி வருத்தத்தைப் பற்றியும் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"சேர், கேக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. ஒங்கள அங்க புடிச்சு வச்சிருந்தாங்களாமே?"

"யாரு?"

"பொலிசு. கள்ள ஓட்டுப் போட்டுட்டீங்கன்னு ஹட்டன்ல ஒரு கலியாண வீட்டுல பேசிக்கிட்டாங்க. நான் இல்லைன்னுதான் சொன்னேன். ஆனா நம்ம ஆளுங்களப் பத்தித் தெரியுந்தானே. நம்ம வாய மூடினா இன்னொரு வாய் தொறந்துக்கும்."

என்னை எவரும் பிடிக்கவில்லை. எவரும் விசாரிக்கவுமில்லை. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் என்னால் சொல்ல இயலாது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுவதே என் வழக்கம். பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும் நான் அப்படித்தான் எழுதினேன், எனக்குப் பாதகமானவற்றையும் சேர்த்து.

2

நாங்கள் வசிப்பது சியாட்டிலுக்குத் தெற்கே ஒரு சிறு நகரம். மகள் ஜெசிந்தா மருத்துவமனைத் தாதி. விடிவதற்கு முன் புறப்பட்டுவிடுவாள். மருமகன் வேறு மாநிலத்தில் வேலை பார்க்கிறார். மாதத்துக்கொரு முறை வருவார். பகல் முழுவதும் வீட்டில் நானும் மனைவி ஞானம்மாவும்தான். அவர் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் ஆயம்மாவாக இருந்தவர். ஒரே நேரத்தில் முப்பது குழந்தைகளின் அழுகையைக் கேட்டுப் பழகிய காதுக்கு இங்குள்ள அமைதி ஒத்துவரவில்லை. சமையலறை வானொலியை மொழி விளங்காமலே ஓடவிட்டிருப்பார்.

நான் நூலகத்துக்கு நடந்து போவேன். அங்கே சனிக்கிழமை காலைகளில் ஒரு வட்டம் கூடும். அமெரிக்கக் குடியாட்சி எப்படி உருவாயிற்று, யாரை உள்ளே சேர்த்தது, யாரை வெளியே நிறுத்தியது, இப்போது எங்கே நிற்கிறது என்று பேசுவதற்கான வட்டம். பன்னிரண்டு பதினைந்து பேர் வருவோம். பெரும்பாலும் நரைத்த தலைகள். ஹெலன் என்ற ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை நடத்துகிறார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். அதை அளக்க மேசை நடுவில் ஒரு மணற்கடிகாரம் இருக்கும்.

முதல் நாள் நான் எழுந்து நின்று, தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். சிலர் புன்னகைத்தார்கள். நான் கற்ற ஆங்கிலம் தோட்ட நிர்வாகத்துக்கும் மாவட்டக் காரியாலயமான கச்சேரிக்கும் மனு எழுதிப் பழகிய ஆங்கிலம். அதில் கெஞ்சலும் கௌரவமும் ஒரே வாக்கியத்தில் இருக்கும். இங்கே அந்த ஆங்கிலம் எவருக்கும் தேவைப்படவில்லை.

ஆனால் எங்கள் கதை தேவைப்பட்டது. சொத்துள்ள வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே வாக்கிருந்த காலத்தைப் பற்றி ஒரு நாள் பேச்சு வந்தது. என் முறை வந்தபோது சொன்னேன். என் தந்தையார் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. சுதந்திரத்துக்கு முந்திய தேர்தலில் வாக்களித்தவர். நாடு சுதந்திரமடைந்த பிறகு அவருக்குக் குடியுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. நான் பிறந்தது நாடற்றவனாக. பிரஜாவுரிமைச் சான்றிதழ் என் கைக்கு வந்தபோது எனக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது.

பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், கொடுத்த வாக்கை ஒரு நாடு திருப்பி வாங்கிக்கொள்ளுமா என்று என்னைக் கேட்டார். ஹெலன்தான் பதில் சொன்னார். இங்கும் அப்படித்தான், உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின ஆண்கள் வாக்களித்தார்கள், சட்டசபைகளில்கூட அமர்ந்தார்கள், பின்னர் தென் மாநிலங்களில் வரியென்றும் வாசிப்புப் பரீட்சையென்றும் சொல்லி அவர்களைப் பல தலைமுறைக்கு வெளியே தள்ளினார்கள் என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்று எழுத வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் ஆறுதலாகத்தான் இருந்தது.

அதன் பிறகு வட்டத்தில் என் மதிப்பு உயர்ந்தது. இலையுதிர் காலத்தில் நூலக மண்டபத்தில் பொதுமக்கள் முன்னிலையில் அரை மணி நேரம் உரையாற்ற வேண்டுமென்று ஹெலன் கேட்டுக்கொண்டார். என் படத்தோடு அறிவித்தல் ஒன்று நூலக வாசற்கதவில் ஒட்டப்பட்டது. வாக்கின் அருமை அறிந்தவர் என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்தக் கதவை நான் வழக்கத்தைவிட மெதுவாகத் திறந்து மூடினேன்.

3

பெண்களின் வாக்குரிமை பற்றிய சனிக்கிழமையில்தான் அந்தத் தவறு நடந்தது.

பழைய சட்டத்தில் திருமணமான பெண் கணவனுக்குள் அடங்கியவளாகவே கருதப்பட்டாள் என்று ஹெலன் விளக்கினார். பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்று வாதாடியவர்கள், அதைக் கொடுத்தால் மணமான ஆணுக்கு இரண்டு வாக்குகள் கிடைக்கும், அவ்வளவுதான் நடக்கும் என்றார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். என் முறை வந்தது. எங்கள் வீட்டில் இரண்டு சீட்டுகளையும் நானே நிரப்புகிறேன், மனைவி கையொப்பமிடுகிறார், ஒரு நாளும் கருத்து வேறுபாடு வந்ததில்லை என்றேன். குடும்ப ஒற்றுமையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிவிட்டதாகவே நினைத்தேன்.

 மணல் இறங்கி முடியும் வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஹெலன், என்ன விருப்பமென்று மனைவியைக் கேட்டுவிட்டுத்தானே நிரப்புகிறீர்கள் என்று மெல்லக் கேட்டார். கேட்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை என்று பதிலளித்தேன். அது உண்மையான பதில். அதனால்தான் அது அவ்வளவு மோசமாக ஒலித்தது.

இந்த மாநிலத்தில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வருகிறது என்பதை ஊரிலுள்ளவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். வாக்களிப்பு நிலையம் இல்லை, வரிசை இல்லை, விரலில் மை இல்லை. சீட்டை உணவு மேசையில் வைத்து நிரப்பி, உறையின் மேல் கையொப்பமிட்டு, தெருமுனைப் பெட்டியில் போட்டுவிடலாம். நான் நன்கறிந்த தேர்தல் சட்டங்கள் யாவும் கதவும் மறைப்பும் உள்ள ஓர் அறைக்கானவை. உணவு மேசையில் அவை எனக்கு நினைவுக்கு வரவில்லை. மேசையில் நினைவுக்கு வந்தது வேறொரு வழக்கம்.

தோட்டத்தில் வாக்கு ஒரு தனி ஆளின் பொருளாக இருந்ததில்லை. தேர்தலுக்கு முன், காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக் களத்தில் தொழிற்சங்கத் தலைவர் நின்று, எந்தச் சின்னம், விருப்பு வாக்குக்கு எந்த எண் என்று சொல்லுவார். முழுத் தோட்டமும் அப்படியே போடும். அதை எள்ளி நகையாட நான் தயாரில்லை. நெடுங்காலம் வாக்கில்லாமல் இருந்த ஏழைச் சனம், வாக்கு கிடைத்ததும் அதை ஒன்றாகக் கட்டித் தூக்கிக் காட்டியது. சிதறிப் போட்டிருந்தால் எங்களை எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதற்கும் முன்னால் பிரஜாவுரிமை விண்ணப்பப் படிவங்களின் காலம். இந்தியாவா, இலங்கையா என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி இரண்டு அரசாங்கங்களும் உடன்பட்டிருந்தன. எனக்கு அப்போது இருபத்தொரு இருபத்திரண்டு வயது. தொழிலாளர் குடியிருக்கும் ஒட்டு வரிசை வீடுகளான லயத்துச் சனங்களுக்காகப் பாடசாலை விறாந்தையில் உட்கார்ந்து நான்தான் படிவம் நிரப்பினேன். குடும்பத்துக்கு ஒரு படிவம். கணவன் பெயர், அதன் கீழே மனைவி, பிள்ளைகள். அழகம்மா என்று ஒரு பெண், கொழுந்து பறிப்பவர், கணவனோடு வந்தார். கணவன் இந்தியா என்றார். அழகம்மாவின் தாயும் அண்ணன்மாரும் இலங்கை என்று முந்திய நாள்தான் என்னிடம் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். அவர் தூணருகே நின்று என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிரவில்லை. இந்தியா என்று எழுதி, கைநாட்டு வைக்கும் இடத்தைக் காட்டினேன். சில வருடங்களுக்குப் பின் தலவாக்கலை ரயில் நிலையத்தில் அவர்களது கோச்சி புறப்பட்டபோது நானும் வழியனுப்பப் போயிருந்தேன். அவர் எனக்குக் கும்பிடு போட்டார்.

இதை ஐம்பது வருடங்களாக நான் எவரிடமும் சொல்லாமலே இருந்தேன். சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

4

அந்தச் சனிக்கிழமை வட்டத்தில் இன்னொரு தமிழரும் இருந்தார். சுந்தரேசன், கோயம்புத்தூர்க்காரர், கணினித்துறையில் வேலை, இங்குள்ள தமிழர் மன்றத்தின் செயலாளர். கூட்டம் கலைந்ததும் அவர் என்னிடம் வராமல் நேரே தன் காருக்குப் போனார். அது எனக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஞானம்மாவின் பெயருக்கு வந்திருந்தாலும் வழக்கம்போல் நானே பிரித்தேன். அவருடைய உறையிலுள்ள கையொப்பம் தங்கள் பதிவிலுள்ள கையொப்பத்தோடு பொருந்தவில்லை, ஆகவே உறை இன்னும் திறக்கப்படவில்லை, இணைத்துள்ள படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்பினால் வாக்கு எண்ணப்படும் என்று எழுதியிருந்தார்கள்.

காரணம் எனக்கு உடனே விளங்கியது. உறையை நான் நீட்டியபோது அவர் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். சுண்டு விரலால் உறையைப் பிடித்து அவசரமாகக் கீறிவிட்டார். பதிவிலிருப்பது, இந்த நாட்டுப் பிரஜையான அன்று நிதானமாக எழுத்தெழுத்தாக இட்ட தமிழ்க் கையொப்பம்.

அப்போது நான் செய்த காரியத்தை மடமை என்றே சொல்ல வேண்டும். நடைமுறையைத் தெரிந்துகொள்வதற்காகச் சுந்தரேசனைத் தொலைபேசியில் அழைத்தேன். பொதுவான சந்தேகமொன்று என்று சொல்லித்தான் கேட்டேன். அவர் கெட்டிக்காரர். சனிக்கிழமை கேட்டதையும் வியாழக்கிழமை கேட்டதையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துக்கொண்டார். மனைவியின் கையொப்பத்தை நானே போட்டு அகப்பட்டுக்கொண்டேன் என்ற கதை அந்த வார இறுதியிலேயே மன்றத்தில் உலாவத் தொடங்கிவிட்டது. அங்கிருந்து ஹட்டனுக்கு எத்தனை நாளில் போயிற்று என்று எனக்குத் தெரியாது.

அந்தப் படிவத்தில் அவர் கையொப்பமிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும். கையொப்பம் அவருடையதே என்று அலுவலகமே ஏற்றுக்கொள்ளும். நூலக உரையும் தடையின்றி நடக்கும். இப்படிக் கணக்குப் போட்டுத்தான் படிவத்தையும் பேனாவையும் அவர் முன் வைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"அப்ப அந்தச் சீட்ட இன்னும் எண்ணலையா?"

"இல்ல. நீ இதுல போட்டா எண்ணுவாங்க."

"அதுல என்ன போட்டீங்க?"

நாற்பத்தெட்டு வருட இல்வாழ்க்கையில் அவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. நான் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். நகரசபைக்கு இன்னார், பாடசாலைச் சபைக்கு இன்னார். கடைசியாக நகரத்தின் வீட்டுப் பிரச்சினை வந்தது. தனி வீட்டுக்கான காணியில் நாலு வீடு, ஆறு வீடு என்று சுவரோடு சுவராகக் கட்ட அனுமதிக்கலாமா என்று மக்களிடம் கேட்டிருந்தார்கள். வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு அது உதவும் என்று ஒரு சாரார். நகரத்தின் அழகு கெடும் என்று மறு சாரார்.

"அதுக்கு வேணாம்னு போட்டேன். லயம் கட்ட விடக் கூடாது."

"லயமா? இங்க யாருங்க லயம் கட்டுறா?"

"சுவத்தோட சுவரு ஒட்டினா அது லயந்தான். அதுலயிருந்து வெளிய வரத்தான் நான் படிச்சேன். நம்ம புள்ளயையும் படிக்க வச்சேன்."

அவர் படிவத்தின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தார்.

"ஜெசி பொறந்தன்னிக்கி நீங்க நுவரெலியாவுல பரீட்சைத் தாள் திருத்திக்கிட்டு இருந்தீங்க. வலி வந்திருச்சு. எந்திரிக்க முடியல. சுவத்தத் தட்டினேன். அந்தப் பக்கத்துல இருந்து சரசு ஓடி வந்துச்சு. இங்க நான் தட்டினா யாருக்குங்க கேக்கும்?"

"அதுக்காக ஒனக்கு லயம் வேணுங்கிறியா?"

"வேணும்னு சொல்லல. கேட்டிருக்கலாம்னு சொல்றேன்."

பேனாவை மூடி என் பக்கம் தள்ளினார்.

"இதுல நான் போட மாட்டேங்க. இது என் ஓட்டு இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. நீ போடாவிட்டால் நான் திருட்டுக் கையெழுத்துப் போட்டேன் என்பது உறுதியாகிவிடும், என் பெயர் என்ன ஆவது என்று கேட்டேன். அவர் அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். வானொலிச் சத்தம் கூடியது.

மாலையில் ஜெசிந்தா வந்தாள். இரண்டு பேரையும் தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொண்டாள். என்னிடம் வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தாள். ஒருவருடைய விருப்பத்தைக் கேளாமல் அவர் சீட்டை நிரப்புவது இங்கே குற்றம், அம்மா போய் அங்கே என்ன சொல்லுவார் என்று எனக்கும் தெரியாது என்றாள். அம்மாவுக்கு வாக்களிக்க விருப்பமென்றால் தேர்தல் நாள் வரை அலுவலகத்தில் புதிய சீட்டு வாங்கி அங்கேயே போடலாம் என்றும் சொன்னாள்.

"அப்ப என் பேரு?"

"ஒங்க பேரையே பாக்காதீங்கப்பா. என் ஏ.எல். பாடத்தக்கூட ஃபோர்ம்ல நீங்கதான் எழுதினீங்க. நான் என்ன படிக்க ஆசைப்பட்டேன்னு ஒங்களுக்கு இன்னைக்கும் தெரியாது."

உண்மைதான், தெரியாது. அன்றும் நான் கேட்கவில்லை. உயர்தர வகுப்புக்கு விஞ்ஞானம் என்று எழுதினேன். அதனால்தான் இன்று அவள் தாதி, அதனால்தான் நாங்கள் இந்த நாட்டில் இருக்கிறோம் என்று அவளுக்குச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

5

சனிக்கிழமை நூலக வட்டத்துக்கு நான் போகவில்லை. மூன்று பேரும் தேர்தல் அலுவலகத்துக்குப் போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. முதற் சீட்டு ஏன் வேண்டாம் என்று அதிகாரி கேட்டால் ஞானம்மா என்ன சொல்லுவார்? அவர் நிரப்பினார், நான் நிரப்பவில்லை என்று சொல்லிவிட்டால்? பொய் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

அதிகாரி முக்காடிட்ட இளம் பெண். சோமாலியாவிலிருந்து சிறு வயதில் வந்தவராம். ஞானம்மாவின் உறையைக் கணினியில் காட்டி, இந்தக் கையொப்பத்தை இட்டது நீங்களா என்று கேட்டார். ஜெசிந்தா மொழிபெயர்த்தாள்.

"ஆமாங்க, நாந்தான் போட்டேன். கையில மாவு."

அந்தச் சீட்டையே எண்ணலாமா, புதியது வேண்டுமா?

"புதுசு குடுங்க."

ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினார். பழைய உறை இரத்தானது. புதிய சீட்டை அச்சிட்டுக் கொண்டுவந்து வைத்தார்.  நான் சுவரோரக் கதிரையில் உட்கார்ந்தேன்.

மனைவிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, உதவியாளர் தேவை என்று ஜெசிந்தா சொன்னாள். வாக்காளர் விரும்பும் எவரும் உதவலாம், ஆனால் இரண்டு வகையினர் மட்டும் கூடாது என்று அந்தப் பெண் விதியை ஒப்பித்தார். வாக்காளருக்கு வேலை கொடுப்பவர் ஒன்று, அவருடைய தொழிற்சங்கத்தின் நிர்வாகி இன்னொன்று. ஜெசிந்தா அதைத் தமிழில் சொன்னதும் ஞானம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"தொரையும் கூடாது, தலைவரும் கூடாதாம். இந்தச் சட்டத்த நம்ம தோட்டத்து ஆளு யாரோதான் எழுதியிருக்கணும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. கணவனை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்பதும் அதே கணத்தில் மனதில் பட்டது. என் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழுந்தேன்.

"நீங்க இருங்க," என்றார் ஞானம்மா. "ஜெசி வாசிக்கட்டும்."

அதிகாரி என்னைப் பார்த்து, தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டைக் கையால் காட்டினார். அதற்கு அப்பால் நிற்க வேண்டும்.

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு வாக்களிப்பு நிலையத்தில் நான் பொறுப்பாக இருந்தபோது, மனைவியின் பின்னாலேயே மறைப்புக்குள் நுழைந்த ஒரு கங்காணியைத் தோளில் கைவைத்து வெளியே கொண்டுவந்தேன். எம்பொஞ்சாதிதானே சேர், அவளுக்கு என்ன தெரியும் என்றார் அவர். உங்கள் மனைவியாக இருப்பதால்தான் நீங்கள் உள்ளே போகக் கூடாது என்றேன். கட்சி முகவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அன்று அந்த மனிதர் கதவருகே எப்படி நின்றாரோ, அதே மாதிரித்தான் இப்போது நான் நின்றேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. மகள் தாழ்ந்த குரலில் வாசித்தாள். சில சொற்களுக்கு அவளுக்கும் தமிழ் கிடைக்கவில்லை. கையால் சுவர் போலக் காட்டி விளக்கினாள். அவர் திருப்பித் திருப்பிக் கேட்டார். ஓரிடத்தில் மகள் தோளைக் குலுக்கி, அத நீங்கதாம்மா முடிவு பண்ணணும் என்றது என் காதில் விழுந்தது. பிறகு ஞானம்மா பேனாவை எடுத்தார். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதாமலிருக்கக் கெட்டிக்காரப் பிள்ளைகள் செய்வது போல, இடக் கையை வளைத்துச் சீட்டை மறைத்துக்கொண்டார். மகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உறையின் மேல் கையொப்பமிட அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கடிதமே எழுதியிருக்கலாம்.

வாக்களித்ததற்கு அடையாளமாகக் கொடுத்த வட்ட ஒட்டுத்தாளைக் கம்பளிச் சட்டையில் குத்தினாற்போல் அழுத்தி ஒட்டிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் பிஞ்சு வெண்டிக்காய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஜெசிந்தாவோடு பேசிக்கொண்டு வந்தார். பின் ஆசனத்தில் இருந்த எனக்கு நாக்கு நுனியில் ஒரு கேள்வி இருந்தது. வீடு வந்து சேரும் வரை அதை அடக்கிக்கொண்டேன். பிறகும் அடக்கிக்கொண்டேன்.

6

நூலக உரையை நான் தவிர்க்கவில்லை. ஹெலனிடம் போய், அறிவித்தலிலுள்ள வாசகம் எனக்குப் பொருந்தாது, அதை எடுத்துவிட்டால் பேசுகிறேன் என்றேன். அவர் காரணம் கேட்டார். சொன்னேன். பழைய அறிவித்தலைக் கழற்றி, என் பெயரும் நேரமும் மட்டும் உள்ள ஒன்றை அவரே எழுதி ஒட்டினார்.

தேர்தல் முடிந்து இரண்டு வாரத்தின் பின், நாற்பது பேர் வரை வந்திருந்த மண்டபத்தில் பேசினேன். தந்தையாரின் பறிபோன வாக்கைச் சொன்னேன். படிவங்களைச் சொன்னேன். அழகம்மாவைச் சொன்னேன். எங்களைக் கேட்காமல் எங்கள் தலைவிதியை எழுதினார்கள் என்று ஆயுள் முழுவதும் குறைபட்டவன், அதே பேனாவைக் கையில் வைத்திருந்தேன் என்றேன். என் வீட்டு மேசையில் நடந்ததையும், இதற்கு முன் ஞானம்மாவுக்கு வந்த இரண்டு சீட்டுகளையும் அதே விதமாக நிரப்பினேன் என்பதையும் சொன்னேன். சட்டம் தெரிந்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ தெரியாது, வெளியே சொல்ல வேண்டாம் என்று ஜெசிந்தா எச்சரித்திருந்தாள். ஆனால் பாதி உண்மையைக் காப்பாற்றிக்கொண்டு மறுபாதிக்கு மறுப்பு எழுத என்னால் இயலாது. ஞானம்மா முதல் வரிசையில் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை. அழகம்மாவின் பெயர் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார்.

உரை முடிந்ததும் கேள்வி நேரம். பின் வரிசையிலிருந்து சுந்தரேசன் எழுந்தார். தமிழிலேயே கேட்டார்.

"சார், அப்ப அம்மா உங்களுக்கு எதிராத்தானே போட்டிருப்பாங்க?"

தமிழ் தெரிந்த ஐந்தாறு பேர் சிரித்தார்கள். ஞானம்மாவும் சிரித்தார். என்ன கேட்டார் என்று ஹெலன் விசாரித்தபோது, இது பகிரங்கமாகக் கேட்கத் தகாத கேள்வி என்று ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஒட்டு வீடுகளுக்கான அனுமதி மிகச் சொற்ப வாக்குகளால் நிறைவேறியிருக்கிறது. எங்கள் தெருமுனையிலேயே நாலு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். சத்தம் கேட்டால் ஞானம்மா ஜன்னலடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். இப்போது மன்றத்தில் புதிய கதை. அதிபரை அவர் மனைவியே தோற்கடித்துவிட்டாராம். வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லையாம். போன கிழமை பெரியசாமி மாஸ்டரும் இதையே கேட்டார். முதலில் கேட்ட செய்தியைவிட இது அவருக்கு மகிழ்ச்சியளித்தது போலத் தெரிந்தது.

நாங்கள் வழக்கம்போல் பேசிக்கொள்கிறோம். என் மனைவி எனக்கு எதிராக வாக்களித்தார் என்று சொல்லப்படுவது ஆதாரமற்றது. எனக்குச் சார்பாக வாக்களித்தார் என்று எவரேனும் சொன்னால் அதுவும் ஆதாரமற்றதே. அவர் எவ்வாறு வாக்களித்தார் என்பது எனக்குத் தெரியாது.